குளிர்காலப் புல்வெளியில் ஆந்தை என்ன தின்கிறது? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஆள்காட்டி:
குட்டைக்காது ஆந்தைகள் வலசை வந்து இறங்கிவிட்டன. ஆளுக்கொரு படம் போடுகிறீர்கள், மகிழ்ச்சி. எனக்கோ ஒன்று மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது.

விடிந்தும் விடியாத நேரம். காய்ந்து படுத்துக் கிடந்த புல்லில் ஆந்தை நின்று, எதையோ காலால் அழுத்திக்கொண்டு அலகால் இழுத்தது. அது பறந்துபோன பிறகு அந்த இடத்தில் இரண்டு இறக்கைகள் மட்டும் கிடந்தன. வானம்பாடியின் இறக்கைகள். தோள்மூட்டோடு துண்டித்து, ஓர் இறகுகூடக் கலையாமல், ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி. மூட்டில் ஈரம் காயவில்லை. உடலைக் காணோம், சதைத் துணுக்குகூட இல்லை.

குட்டைக்காது ஆந்தை எலியை நம்பிப் பிழைக்கும் பறவை. வடக்கே கூடு வைக்கும் இடங்களில் எலி பெருகினால் முட்டைகளும் கூடும். எலி குறைந்தால் இடத்தையே காலி செய்துகொண்டு போய்விடும். அப்படிப்பட்டது குளிர்காலத்தில் வானம்பாடிக்கு இறங்கியது ஏன்? எலி கிடைக்கவில்லையா, பறவை எளிதாகக் கிடைத்ததா?

கீச்சான்:
இரண்டு இறக்கைகளை வைத்துக்கொண்டு முடிவு கட்டாதீர்கள். செரிக்காத மயிரையும் எலும்பையும் ஆந்தை உருட்டிக் கக்குமே, அந்த உருண்டைகளைப் பார்க்க வேண்டும். அவைதான் சாட்சி.

புல் தூரடியில் நான் எடுத்த உருண்டை ஒன்றை இன்னும் மறக்க முடியவில்லை. சாம்பல் நிற மயிரை விலக்க விலக்க முழு மண்டையோடு வெளியே வந்தது. மேல்தாடை வெட்டுப்பல் இரண்டிலும் நெடுக ஒரு பள்ளக் கோடு, அடியில் காதெலும்புக் குமிழ் புடைத்துக்கொண்டு. வெள்ளெலி! பல்லின் ஆரஞ்சு நிறம்கூட மங்கவில்லை. பருந்து கக்கியதில் இப்படிக் கிடைக்காது. அதன் இரைப்பை அமிலம் எலும்பைக் கரைத்துவிடும். ஆந்தையின் அமிலம் அவ்வளவு கடுமையானதல்ல. இரையையும் பெரும்பாலும் முழுதாகவே விழுங்குகிறது.

எனக்குக் கிடைத்த உருண்டைகளில் எலியே மிகுதி. பறவை அலகு எப்போதாவதுதான். வளர்ந்த ஒரு வெள்ளெலியின் எடைக்கு நாலைந்து வானம்பாடியாவது வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செம்போத்து:
கீச்சான் அவர்களே, உருண்டையில் இருப்பது ஆந்தை விழுங்கியது. பிடித்ததெல்லாம் அதில் இருக்காது.

பொழுது சாயும் நேரத்தில் என் கண்முன் நடந்தது இது. ஆந்தை எலியைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. எங்கிருந்தோ பூனைப்பருந்து ஒன்று பாய்ந்து வந்தது. ஆந்தை மேலே மேலே ஏறியது, பருந்தும் விடவில்லை. எலியின் வால் காற்றில் ஆடியதுவரை தொலைநோக்கியில் தெரிந்தது. கடைசியில் ஆந்தை பிடியை விட்டது. எலி தரையைத் தொடுமுன் பருந்து கவ்விக்கொண்டு போய்விட்டது. ஆந்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி புல்லுக்கு மேல் தாழப் பறந்து தேடத் தொடங்கியது. குளிரில் பாதி இரவுக்கான உணவு அது. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எலி உங்கள் எந்த உருண்டையில் வரும்? பகல் வெளிச்சத்திலும் வேட்டையாடுவதால் இந்த ஆந்தைக்கு இந்தத் தொல்லை அதிகம். சிவப்பு வல்லூறும் இதனிடம் பறிக்கும். அதனால் ஆள்காட்டி பார்த்ததை ஒதுக்கிவிடாதீர்கள். கண்ணால் கண்டதற்கும் மதிப்பு உண்டு.

மைனா:
என் அனுபவம் சிறியது. கூகை என்ற வேறோர் ஆந்தையின் உருண்டைகளை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். புதிதாக எடுத்தபோது வார்னிஷ் பூசியதுபோலக் கறுத்துப் பளபளத்தன. பிறகு திறந்து பார்த்தால் மயிரெல்லாம் பொடியாகி, அந்துப்பூச்சிப் புழுக்கள் நெளிந்தன. எலும்புகள் மட்டும் மிச்சம்.

ஆகவே உருண்டை சேகரிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில், ஆந்தைகள் அடைந்திருக்கும்போது அங்கே போகவே போகாதீர்கள். குட்டைக்காது ஆந்தை மரத்தில் அடைவதைவிடத் தரையில் புல்லுக்குள் அடைவதுதான் அதிகம். குளிர்காலத்தில் பல சேர்ந்து ஒரே இடத்தில் இருக்கும். ஒன்றைக் கிளப்பினால் எல்லாம் கிளம்பும். இரவில் தின்று சேர்த்த வலு வீணாகும், காக்கைகள் துரத்தும். அவை வேட்டைக்குப் போன பிறகு போய் எடுங்கள். கையுறை போடுங்கள். சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பள்ளிக் குழந்தைகள் உருண்டை பிரித்து நோய்வாய்ப்பட்ட நிகழ்வுகள் உண்டு. ஒவ்வொன்றையும் தனி உறையில் இட்டு, இடமும் தேதியும் எழுதுங்கள். தேதி இல்லாத உருண்டையை வைத்துக் குளிர்கால உணவைப் பற்றி ஒன்றும் பேச முடியாது.

எண்ணும்போது மண்டையோட்டை மட்டும் எண்ணாதீர்கள். கீழ்த்தாடைகளை இடம், வலம் என்று பிரித்து எண்ணி, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மூஞ்சூறைத் தவறவிடாதீர்கள். எலிக்கு வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும், மூஞ்சூறுக்குப் பல்வரிசை இடைவிடாமல் ஓடும். வண்டின் கால்கள் கிடைத்தால் உடனே ஆந்தையின் கணக்கில் எழுதாதீர்கள். இரையின் வயிற்றில் இருந்த வண்டாகவும் இருக்கலாம்.

கீச்சான்:
மைனா அம்மா, அடையுமிடத்துக்குப் பகலில் போனேன் என்று நான் எங்கும் எழுதவில்லை. செம்போத்து, பறிகொடுத்த எலியும் எலிதான். அது என் பக்கத்துக்குத்தானே வலுச் சேர்க்கிறது? ஆந்தை தேடியது எலியை.

பனங்காடை:
எலி இருப்பதும் அது ஆந்தைக்குக் கிடைப்பதும் வேறு வேறு. நான் உறைபனி விழும் நாட்டில் வாழ்ந்தவன். முழங்கால் உயரத்துக்குப் பனி மூடிய புல்வெளியில் எலிகள் சாகவில்லை. தரைக்கும் பனிக்கும் நடுவே சுரங்கம் அமைத்து நன்றாகவே வாழ்ந்தன. சாம்பல் பேராந்தை 45 சென்டிமீட்டர் பனிக்கு அடியில் இருக்கும் எலியைக்கூட ஓசையை வைத்தே கண்டு, பாய்ந்து எடுத்துவிடும். கூகைக்குக் காது அதைவிடக் குறைந்ததல்ல. ஆனால் உடல் மெலிது, கொழுப்புச் சேமிப்பும் சொற்பம்.

வைக்கோல் கொட்டகையில் ஒரு கூகை செத்துக் கிடந்தது. கையில் எடுத்தேன், எடையே இல்லை. மார்பெலும்பின் விளிம்பு தோலுக்கு அடியில் விரலைக் குத்தியது. இருபுறமும் சதை வற்றிப் போயிருந்தது. சுற்றிலும் பனிக்கு அடியில் எலிகள் நிறைந்த வயல்.

ஆகவே ஆள்காட்டி, ‘எலி இல்லையா’ என்று கேட்பதைவிட ‘எலி எட்டியதா’ என்று கேளுங்கள். வானம்பாடிகள் குளிர்காலத்தில் கூட்டமாகத் திரண்டு வெறுந்தரையில் உறங்கும். ஆந்தை தாழப் பறந்து தேடுவதும் அந்தத் தரையை ஒட்டித்தான். கடலோரத்தில் குளிர்காலம் கழிக்கும் குட்டைக்காது ஆந்தைகள் உள்ளான்களைத் தாராளமாகப் பிடிக்கும். சிறு பறவையின் இறக்கையைக் கத்தரித்துவிட்டு விழுங்குவதும் இதன் வழக்கம். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

ஆள்காட்டி:
நன்றி பனங்காடை. அந்தச் சுத்தமான வெட்டுக்கு இப்போதுதான் பொருள் புரிகிறது. புல் உயரமாக நிற்கும் பக்கத்தில் எலி வளைகள் ஏராளம். ஆந்தை வேட்டையாடியதோ புல் படுத்த மேட்டில். இரண்டு பக்கத்து உருண்டைகளையும் தனித்தனியாகச் சேர்க்கப் போகிறேன்.

குயில்:
எல்லோரும் ஆந்தை எதைத் தின்றது என்று பேசுகிறீர்கள். அந்த இரை எதைத் தின்றது என்று யாரும் கேட்கவில்லையே.

நடுப்பகலில் வெட்டவெளியில் கூகை உட்கார்ந்திருந்தது. அருகே போனேன், பறக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அலகோரம் இரத்தம் கசிந்துகொண்டே இருந்தது, உறையவில்லை. மருத்துவரிடம் சேர்ப்பதற்குள் இறந்துவிட்டது. எலி நஞ்சு என்றார்.

குளிர்காலத்தில் வயலில் தீனி குறைந்ததும் எலிகள் தானியக் கிடங்குக்கு வரும், அங்கே புரோமடியோலோன், புரோடிஃபாகூம் போன்ற, இரத்தத்தை உறையவிடாத எலி நஞ்சு கலந்த தீனி வைப்பார்கள். தின்ற எலி உடனே சாகாது. நாள்கணக்கில் தள்ளாடித் திரியும், நஞ்சு ஈரலில் தங்கியிருக்கும். தள்ளாடும் எலியைத்தான் ஆந்தை முதலில் பிடிக்கும். நஞ்சு ஏறிய ஆந்தைக்கு உடனே வைட்டமின் கே கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆகவே பகலில் வெட்டவெளியில், அருகே போனாலும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஆந்தையைக் கண்டால் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டாக்கி, நேரே பறவை மருத்துவம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அக்கம்பக்கத்தில் நஞ்சுத் தீனி வைத்திருந்தால் அதன் பெயரையும் கேட்டுக்கொண்டு போய் அவரிடம் சொல்லுங்கள்.