கொடை வீடியோவும் காப்பிரைட் க்ளைமும்

தெரு குரூப், ஞாயிறு

அஜின்: மாமா, நம்ம அம்மன் கோயில் கொடை விழாவுல எடுத்த வில்லுப்பாட்டு யூடியூப்ல போட்டோம்லா, ரெண்டு எடத்துல காப்பிரைட் க்ளைம் காட்டுது. ஸ்ட்ரைக்கா?

ராஜன் மாமா: இல்ல மக்கா. க்ளைம்னா ‘இது எங்க பாட்டு’ன்னு ஒரு கம்பெனி உரிமை கேக்குறது. விளம்பரக் காசு அவங்களுக்குப் போவும், இல்லன்னா வீடியோவ மறைப்பாங்க. ஸ்ட்ரைக் வேற, அது சேனலுக்கு விழுற எச்சரிக்கை. 90 நாளுக்குள்ள 3 விழுந்தா சேனலே போயிரும். எந்த நிமிஷம்னு யூடியூப் ஸ்டூடியோவுல பாரு.

அஜின்: 14:20ல 40 செகண்டு. பொறவு 41:05.

ராஜன் மாமா: 14:20 கேட்டேன். குடத்துச் சத்தத்துக்குப் பின்னால மைக்செட்டுல சினிமா பாட்டு ஓடுது. அது அவங்க பாட்டுதான், சண்டைக்குப் போவாத. எடிட்டர்ல அந்த 40 செகண்ட வெட்டு, க்ளைம் தானா போயிரும். பாட்ட மட்டும் அழிக்கப் பாத்தா உடுக்கையும் மங்கிரும்.

ஷீபா சித்தி: கோயில் விசேஷத்துல பாட்டுப் போட சட்டமே விட்டிருக்கே அண்ணா?

ராஜன் மாமா: 1957 பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவு. சாமி காரியம், கல்யாண ஊர்வலம் எல்லாத்துக்கும் உண்டு. ஆனா அது பந்தல்ல பாடவும் போடவும்தான். படம் புடிச்சு நெட்ல ஏத்த அது உதவாது. நெறைய பேரு தவறுறது இங்கதான்.

செல்வின் அண்ணன்: 41:05ல வெறும் அம்மன் கதை. நம்ம மிக்ஸர்ல இருந்து நேரா எடுத்த ஆடியோ.

ராஜன் மாமா: அப்போ டிஸ்பியூட் போடணும், அதாவது ‘இந்த க்ளைம் தப்பு’ன்னு மறுப்பு. அதே மெட்டுல யாரோ போட்ட பழைய ரெகார்டிங்கோட ஒத்துப்போச்சுன்னு யூடியூப் மெஷின் தானா புடிச்சிருக்கும். அந்த ரெகார்டிங்குக்குத்தான் 60 வருச உரிமை. பரம்பரை மெட்டு ஊருக்குப் பொது.

ஷீபா சித்தி: தீர்ப்பு யாரு சொல்லுவா?

ராஜன் மாமா: முதல்ல க்ளைம் போட்டவனேதான்! அதான் எனக்கு ஆறமாட்டேங்குது. பதில் சொல்ல அவனுக்கு 30 நாள். மறுத்தா நாம அப்பீல், அதுக்கு 7 நாள். அப்பவும் விடாம வீடியோவ எடுக்கச் சொன்னா நமக்கு ஸ்ட்ரைக். அத எதிர்த்து யூடியூப்புக்கு எதிர் நோட்டீஸ் குடுத்தா நம்ம பேரும் விலாசமும் அவன் கைக்குப் போவும். 10 வேலை நாளுக்குள்ள அவன் கோர்ட்டுக்குப் போவலன்னாதான் வீடியோ திரும்பும்.

செல்வின் அண்ணன்: நம்ம நாட்டு விதி இதவிட மேல். எழுத்துல புகார் வந்தா 36 மணி நேரத்துல வீடியோவ எடுக்கணும். 21 நாள்ல கோர்ட் ஆர்டர் வரலன்னா திரும்பப் போடலாம். கோர்ட்டுக்குப் போற பாரம் புகார் சொன்னவன் தலையில.

ராஜன் மாமா: அதேதான். அஜினே, வில்லுப்பாட்டு பாடுன புலவர்கிட்ட வீடியோ போட சம்மதம் எழுதி வாங்கியிருக்கியா?

அஜின்: வாயால சொன்னாரு மாமா.

ராஜன் மாமா: போதாது. பாடுனவங்களுக்கும் வாசிச்சவங்களுக்கும் 38ஆம் பிரிவுப்படி 50 வருச உரிமை உண்டு. கம்பெனிகிட்ட நியாயம் கேக்குற நாம அவங்களுக்கு அத குடுக்காண்டாமா? குடம், உடுக்கை, தாளம், ஒருத்தர் விடாம கையெழுத்து வாங்கு. தேதியும், வீடியோவ நெட்ல போடலாம்னும் தெளிவா எழுது.

அஜின்: புலவர் சுசீந்திரத்துல இருக்காராம். சாயங்காலம் பைக்குல போய் வாங்கிருதேன். பொறவு டிஸ்பியூட்.