நினைவு இருக்கிறது, கணக்கு வரவில்லை: இது வாஸ்குலர் டிமென்ஷியாவா?

தாமரைக்குளம்:
என் தந்தைக்கு 73 வயது. இருபது ஆண்டுகளாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்தவர், சென்ற தீபாவளியை ஒட்டிப் பால் கணக்குக்கே திணறத் தொடங்கினார். சில மாதங்கள் அப்படியே இருந்துவிட்டு, சித்திரையில் இன்னும் ஒரு படி இறங்கிவிட்டார். ஆனால் நேற்று யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதெல்லாம் நினைவிருக்கிறது. எம்.எம்.எஸ்.இ. என்ற அறிவுத்திறன் தேர்வில் 30க்கு 26 வாங்கியதால் அச்சமில்லை என்கிறார் ஒரு மருத்துவர், எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் வெண்பகுதியில் மாற்றங்கள் தெரிவதால் மூளையின் இரத்தக்குழாய்க் கோளாறால் வரும் அறிவுத்திறன் இழப்பான வாஸ்குலர் டிமென்ஷியா என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

ஓய்வுபெற்ற மருத்துவன்:
படத்தை மட்டும் வைத்து இந்நோயை உறுதிசெய்ய இயலாது. அவ்வகை மாற்றங்கள் நலமாக இருக்கும் முதியவர்கள் பலரிடமும் காணப்படும். அந்த மதிப்பெண்ணை வைத்து நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1975இல் வெளிவந்த அத்தேர்வு நினைவையும் மொழியையும்தான் பெரிதும் சோதிக்கிறது; சிறு இரத்தக்குழாய்கள் அடைபடும்போது முதலில் அடிபடுவதோ திட்டமிடுதலும் சிந்தனை வேகமும். அவற்றையும் சோதிக்கும் வகையில், கடிகாரம் வரைதல் போன்றவை அடங்கிய மோகா (MoCA) தேர்வைக் கேட்டுப் பெறுங்கள்.

தாங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது, படிப்படியாக இறங்கியது என்ற செய்தி. பக்கவாதத்துக்குப் பின் மூன்று மாதங்களுக்குள் அறிவுத்திறன் குறைந்ததா என்று இந்நோயைக் கண்டறிய வகுக்கப்பட்ட 1993ஆம் ஆண்டின் நைன்ட்ஸ்-ஐரென் (NINDS-AIREN) நெறிமுறை கேட்பதும் இந்தக் காலத்தொடர்புக்காகத்தான். எனினும் சிறு குழாய் நோயில் பக்கவாதம் வெளிப்படாமலே, சரிவு மெதுவாக நிகழ்வதும் உண்டு. தந்தை நெடுநாளாகச் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் உட்கொள்பவரானால் வைட்டமின் பி12 அளவை அவசியம் பார்க்க வேண்டும். அம்மாத்திரை அதைக் குறைக்கக்கூடியது. இதே போன்ற தடுமாற்றத்தைத் தரக்கூடிய தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது.

வைகைக்கரை:
என் தாயாருக்கு மறதிக்கு முன்பே நடை மாறியது: காலைத் தேய்த்துச் சிற்றடி வைத்தார், சிறுநீரை அடக்க இயலாமல் விரைந்தார். மூட்டுவலி என்று இரண்டு ஆண்டுகள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். இவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பது அரிது.

தாமரைக்குளம்:
அப்பாவின் நடையும் நீங்கள் சொன்னது போலவேதான் இருக்கிறது ஐயா. முதுமை என்றே எண்ணியிருந்தோம். மெட்ஃபார்மினும் பதினைந்து ஆண்டுகளாக உட்கொள்கிறார். இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவந்தால் நோய் நிற்கும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறாரே?

ஓய்வுபெற்ற மருத்துவன்:
அவர் குறிப்பிடுவது இரத்த அழுத்தத்தை அந்த அளவுக்குக் குறைத்துப் பார்த்த, 2019இல் வெளியான ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வாக இருக்கலாம். அதில் லேசான அறிவுத்திறன் குறைபாடு குறைந்தது. டிமென்ஷியா குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு கிட்டவில்லை. அதோடு, சர்க்கரை நோயாளிகளையும் பக்கவாதம் வந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. ஆகவே இலக்கை அவருடைய மருத்துவரே தீர்மானிக்கட்டும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் உண்டா என்பதையும் சொல்லுங்கள். அந்த நடையில் அவர் விழுந்துவிடக் கூடாது.