ரீபேஸிங் செத்துப்போச்சா? 1988ல வாங்குன மனையை 2025-26ல வித்தா, மூலதன ஆதாய வரிக்கு (வித்த லாபத்து மேல வர்ற வரி) எதைக் கழிக்கிறது?

பழங்காநத்தம்:
விலைவாசி ஏத்தத்துக்குத் தக்க வாங்குன விலையைக் கூட்டிக்கிற சுட்டெண்ணோட பேஸ் இயரை (அடிப்படை ஆண்டை) 1981ல இருந்து 2001க்கு மாத்துனதே காதுல பூ சுத்துற வேலை. 2016-17க்கு 1125னு இருந்த சுட்டெண்ணை 264 ஆக்கிட்டாங்க. 2024 ஜூலை 23ல இருந்து 12.5% வரி, இண்டெக்சேஷனும் (சுட்டெண்படி விலையைக் கூட்டுறது) கிடையாது. திருநகர்ல 1988ல வாங்குன மனைன்னா பத்திரத்துல இருக்குற 60 ஆயிரம்தான் கழிவு. முடிஞ்சது கதை.

தல்லாகுளம்:
ரெண்டு விஷயத்தை ஒரே சட்டியில போட்டுக் கிண்டுறீங்கண்ணே. பழைய வரிசையில 2001-02க்கு 426. அதை 100னு வச்சா 1125 தானா 264 ஆகும், வகுத்துப் பாருங்க. விகிதம் அப்படியேதான் இருக்கு. நிஜமான ரீபேஸிங் என்னன்னா, 2001 ஏப்ரல் 1க்கு முன்னால வாங்குன சொத்துக்கு, வாங்குன விலைக்குப் பதிலா அன்னைக்கு இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையா வச்சுக்கலாம். 2024ல போனது சுட்டெண். இந்த உரிமை போகல. அப்பா வாங்கி மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதுன சொத்துன்னாலும் உண்டு.

பழங்காநத்தம்:
அப்ப ஒரு வேல்யுவரைப் (சொத்து மதிப்பீட்டாளரை) பிடிச்சு 2001ல 8 லட்சம்னு எழுதி வாங்கிற வேண்டியதுதான?

உசிலம்பட்டி:
நோட்டீஸ் வர்றதே அதுலதான். 2020 பட்ஜெட் திருத்தத்துக்கு அப்புறம் நிலம், கட்டடத்துக்கு 2001 மதிப்பு அன்னைக்கு இருந்த கைடுலைனைத் (பத்திரப்பதிவுக்கு அரசு வச்ச வழிகாட்டி மதிப்பை) தாண்டக் கூடாது. கைடுலைன்படி 4 லட்சம்னா 4 தான். முதல்ல சர்வே நம்பர், தெருப்பேர் கொடுத்து சார்பதிவாளர் ஆபீஸ்ல 2001 ஏப்ரல் 1 நிலவரத்தை எழுத்துல வாங்குங்க, வேல்யுவரெல்லாம் அப்புறம். 2017 ஜூன்ல 33% குறைச்சாங்களே, அந்தக் கைடுலைனைத் தூக்கிட்டு வந்துறாதீங்க. 1995ல போட்ட போர்வெல், காம்பவுண்டு செலவைத் தனியாவும் கூட்டக் கூடாது, 2001 மதிப்புக்குள்ளயே அது அடக்கம். மத்தபடி 12.5% தான் எப்பவும் லாபம், சுட்டெண்ணைக் கட்டி அழ வேண்டியதில்ல.

தல்லாகுளம்:
அந்த "எப்பவும்"தான் தப்பு. 2024 ஜூலை 23க்கு முன்னால வாங்குன நிலம், வீட்டுக்கு ரெண்டு கணக்கும் (சுட்டெண் இல்லாம 12.5%, சுட்டெண்ணோட பழைய 20%) போட்டு எது குறைவோ அதைக் கட்டலாம். 2025-26க்கு சுட்டெண் 376, அதாவது 2001 மதிப்பைப் போல 3.76 மடங்கைக் கழிக்கலாம். மனை 60 லட்சத்துக்குப் போகுதுன்னு வைங்க.

2001 மதிப்பு 4 லட்சம்னா: 56 லட்சத்துல 12.5%, அதாவது 7 லட்சம். பழைய முறையில 60ல 15.04 போக 44.96, அதுல 20% 8.99 லட்சம். நீங்க சொல்றது சரி.

2001 மதிப்பு 10 லட்சம்னா: 12.5%ல 6.25 லட்சம். 20%ல, 37.6 போக 22.4க்கு 4.48 லட்சம்தான். 1.77 லட்சம் மிச்சம்.

விக்கிற விலை 2001 மதிப்பைப் போல 8.36 மடங்குக்கு மேல போனா 12.5%, அதுக்குள்ள இருந்தா 20%. செஸ் தனி.

உசிலம்பட்டி:
கணக்கு ஒத்துக்கிறேன். ஆனா இந்த ஒப்பீடு இங்க குடியிருக்குற தனி ஆளுக்கும் கூட்டுக்குடும்பத்துக்கும் மட்டும்தான். பங்குதாரர்ல ஒருத்தர் துபாய்ல என்ஆர்ஐன்னா அவர் பங்குக்கு 12.5% மட்டும்தான். அவருக்கும் 2001 மதிப்பு உண்டு, சுட்டெண் கிடையாது. ஒரே பத்திரத்துல ரெண்டு கணக்கு வரும்.

பழங்காநத்தம்:
60 ஆயிரம்னு நான் சொன்னது தப்புதான், சரி. ஆனா வெளிய போன விலைக்கு ரொம்பக் கீழ கைடுலைனை வச்சிருந்துட்டு, இப்ப அதையே உச்சவரம்புன்னா அது எந்த ஊர் ரீபேஸிங்? அதுக்கு ரெண்டு பேரும் பதில் சொல்லல.