புதுப்பிப்பு: கோயாவியே ஜெல்லி ஏன் உறையவில்லை?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் லா பிளேன்-தே-பால்மிஸ்த் ஊரின் ஜூன் மாதக் கோயாவியே திருவிழாவை ஒட்டி, அந்தச் சின்னச் சிவப்புக் கொய்யாவில் ஜெல்லி செய்யும் முறையை முன்பு எழுதியிருந்தேன். செய்து பார்த்த சிலருக்கு அது பாகாகவே நின்றுவிட்டது. நன்றாகப் பழுத்ததை மட்டும் எடுக்கச் சொன்னது தவறு. ஜெல்லியை உறையவைப்பது பழத்திலுள்ள பெக்டின் என்ற பொருள்; பழுக்கப் பழுக்க அது குறையும். ஒரு கிலோவில் கால் பங்கு செங்காயாக இருக்கட்டும்.

பழம் மூழ்கத் தண்ணீர் விட்டு 20 நிமிடம் வேகவைத்து, துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். பிழியவே வேண்டாம். பிழிந்தால் சாறு கலங்கி, அந்தக் கண்ணாடிச் சிவப்பு போய்விடும். ஒரு லிட்டர் சாற்றுக்கு 800 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சையின் சாறு. பாத்திரம் அகலமாக இருக்கட்டும், ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் போதும். கூடுதலாக வைத்தால் கொதிக்கும் நேரம் நீண்டு பெக்டின் சிதைந்துவிடும். பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் உறையாது. ஃப்ரீசரில் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுங்கள். பாலாடைபோலச் சுருங்கினால் உடனே இறக்குங்கள்.

வாங்கும்போது கூடையின் அடியைப் பாருங்கள். ஈரம் கசிந்தால் அடிப்பழம் நசுங்கியிருக்கும். பறித்த இரண்டு நாளுக்குள் வேகவைத்துவிடுங்கள். அழுகலென்று ஒதுக்கியதைத் தயவுசெய்து காட்டோரம் கொட்டாதீர்கள். பிரேசிலிலிருந்து வந்த இந்தச் செடி தீவின் சொந்த மரங்களை ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருக்கிறது.