பில்டர்ஸ் ரெமடிக்கு எதிராக கேஸ் போட வீட்டுக்கு 1,500 டாலர் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

மாடித்தோட்டம் கேட்டது:

வணக்கம். கலிஃபோர்னியாவில், சாண்டா கிளாரா கவுண்டியில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறோம். ஊர்ப் பெயரைச் சொன்னால் தெருவே தெரிந்துவிடும், அதனால் வேண்டாம். ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு 2018-இல் ஒரு பழைய தனி வீட்டை வாங்கினோம். வாங்கிய விலையைச் சொன்னால் ஊரில் அப்பாவுக்கு இன்னும் மூச்சு முட்டும்.

எங்கள் தெரு முனையில் ஒரு பழைய கடை வளாகம். பாதிக் கடைகள் மூடிக் கிடக்கின்றன. 2023 அக்டோபர் வாக்கில் ஒரு பில்டர் அதை இடித்துவிட்டு ஆறு மாடி, 130 வீடுகள் என்று முதல் விண்ணப்பம் போட்டார். நகர விதிப்படி அந்த இடத்தில் மூன்று மாடிக்கு மேல் கூடாது. 'பில்டர்ஸ் ரெமடி இருக்கிறது, உங்கள் விதி என்னைக் கட்டாது' என்கிறார் அவர்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். எழுபது தாண்டியவர், 1981-இலிருந்து அதே வீடு. அவர் மரத்தில் எலுமிச்சை காய்த்தால் முதல் பை எங்களுக்குத்தான் வரும். இந்த முறை கையில் ஒரு தாள். வக்கீல் முன்பணத்துக்கு வீட்டுக்கு 1,500 டாலர். அவர் சொல்லும் வாதம் இரண்டு. ஒன்று, எங்கள் நகரத்தின் வீட்டுத் திட்டமான ஹவுசிங் எலிமெண்ட்டுக்கு 2024-இல் மாநிலம் ஒப்புதல் கொடுத்துவிட்டது, எனவே அந்த விண்ணப்பம் இனிச் செல்லாது. இரண்டு, சுற்றுச்சூழல் சட்டமான சீக்வாவின் கீழ் கேஸ் போட்டு நாலு வருடம் இழுத்தால் பில்டரே களைத்துப் போய்விடுவார்.

மனைவிக்குக் கவலை எல்லாம் போக்குவரத்து. இப்போதே பள்ளி நேரத்தில் அந்த முனையில் இடப்பக்கம் திரும்ப மூன்று சிக்னல் காத்திருக்க வேண்டும். எனக்கு வேறொரு உறுத்தல். ஒன்பது வருடம் நாங்கள் இருந்ததும் ஒரு மூன்று மாடி அபார்ட்மெண்ட்தான். அதைக் கட்டும்போதும் யாராவது இப்படித் தாளோடு வீடு வீடாகப் போயிருப்பார்கள்.

சரி, அது என் பாடு. நான் கேட்பது, இந்த இரண்டு வாதமும் கோர்ட்டில் நிற்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

விதிப்புத்தகம் எழுதியது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரமான பே ஏரியாவில் இன்னொரு நகரத்தில் பத்து வருடமாகத் திட்டக் குழுக் கூட்டங்களில் பின் வரிசையில் உட்கார்ந்து பழகியவன். வீட்டில் இதற்குக் கிண்டலும் உண்டு.

முதல் வாதம் நிற்காது என்றே நினைக்கிறேன். எட்டு வருடத்துக்கு ஒரு முறை மாநிலம் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் எண் கொடுக்கும், இத்தனை வீட்டுக்கு இடம் காட்டு என்று. 2023-31 சுற்றில், உதாரணத்துக்கு, கூப்பர்டினோ நகரத்துக்கு 4,588 வீடு. அதை எங்கே கட்டலாம் என்று நகரம் காட்டும் திட்டம்தான் ஹவுசிங் எலிமெண்ட். பே ஏரியாவுக்குக் கெடு 2023 ஜனவரி 31. கெடு தாண்டியும் ஒப்புதல் வாங்காமல் இருந்த காலத்தில், குறிப்பிட்ட பங்கு வீடுகளைக் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒதுக்கும் பில்டரை, ஜோனிங் (எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்ற நகர விதி) ஒத்துவரவில்லை என்ற காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. அந்தப் பங்கு அப்போது 20 சதவீதம், 130-இல் 26 வீடு. 2024-இல் வந்த ஏ.பி. 1893 என்ற மாநிலச் சட்டம் அதைக் குறைத்தது. பில்டர்ஸ் ரெமடி என்கிற இந்த ஏற்பாடு 1990-இலேயே சட்டத்தில் ஏறிவிட்டது. முப்பது வருடம் யாரும் பெரிதாகத் தொடவில்லை, அவ்வளவுதான்.

முக்கியமான விஷயம் விண்ணப்பத் தேதி. 2019-இல் வந்த எஸ்.பி. 330 என்ற மாநிலச் சட்டத்தின்படி, முதல் விண்ணப்பம் முழுமையாகப் போய்ச் சேர்ந்த அன்று என்ன விதியோ அதுவே அந்தத் திட்டத்துக்கு. பிறகு நகரம் ஒப்புதல் வாங்கினாலும் கடிகாரம் பின்னால் ஓடாது. முதல் விண்ணப்பத்துக்குப் பின் 180 நாளுக்குள் முழு விண்ணப்பம் போட்டாரா என்று பாருங்கள். சில பில்டர்கள் அங்கேதான் சறுக்கினார்கள். நகர இணையதளத்தில் கோப்பு இருக்கும், ஐந்து நிமிட வேலை. 1,500 டாலருக்கு முன் அதைச் செய்யுங்கள்.

இரண்டாவது வாதத்துக்கு ஒரு காலத்தில் பலம் இருந்தது. சீக்வா 1970-இல் வந்தது. அணை, நெடுஞ்சாலை எல்லாவற்றுக்கும் பயன்பட்டது போலவே பக்கத்து மனை அபார்ட்மெண்ட்டை நிறுத்தவும் பயன்பட்டது. ஆனால் 2025 ஜூன் 30 அன்று ஆளுநர் நியூசம் கையெழுத்திட்ட ஏ.பி. 130, ஊருக்குள் ஏற்கெனவே கட்டிடம் இருந்த இடங்களில் வரும் பெரும்பாலான வீட்டுத் திட்டங்களுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. பழைய கடை வளாகம் என்கிறீர்கள். அந்த விலக்கு பொருந்துகிறதா என்று அந்த வக்கீலிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள். பதில் நீட்டி முழக்கி வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. அனுமதி கொடுத்த பின் நீங்கள் கேஸ் போட்டால் பிரதிவாதி உங்கள் நகரம்தான். அனுமதி மறுக்கச் சொல்லி நகரத்தை நெருக்கினால், பில்டர் நகரத்தின் மேல் போடுவார். அவர் ஜெயித்தால் அவருடைய வக்கீல் செலவும் பெரும்பாலும் நகரத்தின் தலையில் விழும். கோர்ட் சொல்லியும் நகரம் இழுத்தடித்தால் வீட்டுக்குக் குறைந்தது 10,000 டாலர் அபராதம் போடலாம். 130 வீட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 13 லட்சம் டாலர்.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. லாஸ் ஆல்டோஸ் மெயின் ஸ்ட்ரீட்டில் வெறும் 15 வீடு. நகரம் மறுத்தது, 2020-இல் கோர்ட்டில் தோற்றது. மேல்முறையீட்டுக்குப் போனபோது 70 லட்சம் டாலர் பிணை கட்டு என்றது நீதிமன்றம். நகரம் மேல்முறையீட்டைக் கைவிட்டது. சான் மட்டேயோவில் இன்னும் சின்னது, 10 வீடு. பக்கத்து வீட்டோடு உயரம் இசைந்து போகவில்லை என்று நகர மன்றம் மறுத்தது. கீழ்க்கோர்ட்டில் நகரம் ஜெயித்தது, 2021-இல் மேல்முறையீட்டில் தோற்றது. 'இசைவு' என்பது ஆளுக்கு ஆள் மாறும், அளந்து பார்க்கக்கூடிய விதி இருந்தால் காட்டு என்பதுதான் சாரம். அதற்குப் பிறகு 'ஊரின் தன்மை கெடுகிறது' என்ற பேச்சு கூட்டத்தில் கைதட்டல் வாங்கலாம், கோர்ட்டில் அதற்கு மதிப்பில்லை.

பழைய_வால்கோ_வாசி எழுதியது:

விதிப்புத்தகம் சொன்ன சட்டம் எல்லாம் சரி. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கூப்பர்டினோவில் வால்கோ மாலுக்கு நடந்து போகும் தூரத்தில் பதினோரு வருடம் இருந்தோம். என் பெண் முதன்முதலில் ஸ்கேட்டிங் ஷூ போட்டு விழுந்தது அந்த மாலில் இருந்த ஐஸ் அரங்கில்தான்.

2016 நவம்பரில் அந்த மாலின் எதிர்காலம் குறித்து வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள் வந்தன. மெஷர் சி, உயரத்தையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்தப் பார்த்தது. மெஷர் டி, பில்டருடைய திட்டம். ஊர் இரண்டையும் தோற்கடித்தது! அதாவது எங்களுக்கு என்ன வேண்டாம் என்பது தெரிந்தது, என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை. தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஒருவர் போர்டை மற்றவர் பிடுங்கிப் போட்ட காலம் அது.

2017-இல் மாநில செனட்டர் ஸ்காட் வீனர் கொண்டுவந்த எஸ்.பி. 35 சட்டமானது. வீட்டு எண்ணிக்கையில் பின்தங்கிய ஊரில், நிபந்தனைகளை நிறைவேற்றும் திட்டத்துக்கு நகர மன்றம் வாக்கெடுக்காமலே அனுமதி கொடுத்தாக வேண்டும். 2018 மார்ச்சில் அதே பில்டர் அதன் கீழ் விண்ணப்பித்தார். 2,402 வீடு, அதில் பாதி மலிவு வாடகைக்கு, கூடவே 18 லட்சம் சதுர அடி அலுவலகம். செப்டம்பரில் அனுமதி வந்துவிட்டது. எதிர்ப்பாளர்கள் கேஸ் போட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு வீடாக இருக்க வேண்டும் என்ற கணக்கு தப்பு, மண்ணில் ரசாயன மாசு என்று பல வாதங்கள். 2020 மே மாதம் தள்ளுபடி ஆனது.

இங்கேதான் நான் கொஞ்சம் வேறுபடுகிறேன். கேஸ் தோற்றது, சரி. வீடு வந்ததா? மாலை இடித்தார்கள். தீர்ப்புக்குப் பிறகும் வருடக்கணக்கில் வேலிக்குப் பின்னால் மண்மேடுதான் பார்த்தோம். மாசுப் பரிசோதனை, வட்டி ஏற்றம், காலியாகும் அலுவலகங்கள், ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம். அலுவலகத்தைக் குறைத்து, வீட்டைக் கூட்டித் திட்டத்தையே பிறகு திருத்தினார்கள். பில்டர் ஜெயித்தால் மறுநாள் கிரேன் வந்து நிற்கும் என்று நினைக்காதீர்கள். உங்கள் பெரியவர் சொல்வதுபோல் இழுத்தடித்தால் பில்டர் களைப்பாரா? களைக்கலாம். அந்தப் பாதி இடிந்த கடைகளை நீங்கள் பத்து வருடம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். என்னைக் கேட்டால் அதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. ஐஸ் அரங்கமும் போச்சு, வீடும் இல்லை.

வாடகையில்தான் எழுதியது:

கட்சிச் சண்டை வேண்டாம் என்றீர்கள், அதனால் ஒன்றே ஒன்று. உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் 1981-இல் வாங்கியவர். 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த ப்ரொபோசிஷன் 13 என்ற வரிச் சட்டப்படி அவருடைய வரி மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனாலும் அவர் வரி அப்படியேதான் இருக்கும். நீங்கள் 2018 விலைக்குக் கட்டுகிறீர்கள். ஒரே தெரு, ஒரே குப்பை வண்டி, வரியைக் கேட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அவர் நல்லவர்தான், எலுமிச்சை தருகிறார். ஆனால் ஊரில் வீடு பற்றாக்குறை என்ற சூடு அவர் பக்கம் எட்டவே எட்டாது.

நான் மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். உங்கள் கவுண்டியில்தான் வேலை, வீடு தொலைவில் உள்ள டிரேசி என்ற ஊரில். காலை 5.10-க்குக் கிளம்புகிறேன். அந்த 26 வீட்டுக்குக் குலுக்கல் வந்தால் என் பெயரும் அதில் இருக்கும். திருமதியிடம் சொல்லுங்கள், 580 நெடுஞ்சாலையில் அவருக்கு முன்னால் நிற்கும் காரில் ஒன்று என்னுடையது.

இரண்டு_பக்கமும் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து பில்டருக்கு மாலை போடுகிறீர்கள். பில்டர்ஸ் ரெமடி விண்ணப்பம் பல இடத்தில் மிரட்டல் சீட்டு. பத்து மாடி என்று போட்டுவிட்டு, நகரம் பயந்து ஐந்து மாடிக்கு இறங்கி வந்ததும் அதை வாங்கிக்கொண்டு, மனையைக் கூடுதல் விலைக்கு விற்றுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மாநிலம் எண்ணைக் கொடுக்கிறது, பள்ளிக்கும் சாக்கடைக் குழாய்க்கும் பணம் கொடுக்கிறதா?

ஆனால் கேஸ் போட்டு அதை மாற்றலாம் என்று நினைத்தால் தெற்குக் கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் பீச் நகரத்தைப் பாருங்கள். அவர்களுக்கு வந்த எண் 13,368. நாங்கள் சொந்தச் சாசனம் உள்ள சார்ட்டர் நகரம், எங்களுக்கே அதிகாரம் என்று 2023-இல் மாநிலத்தின் மேல் ஃபெடரல் கோர்ட்டில் போட்டார்கள். அதே மாதம் மாநிலமும் நகரத்தின் மேல் போட்டது. ஃபெடரல் கேஸ் தள்ளுபடி ஆனது, 2024-இல் ஒன்பதாவது சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கடற்கரை, எண்ணெய் வருமானம் எல்லாம் உள்ள ஊரே அந்தப் பாடு பட்டது. 40 வீடு சேர்ந்து 60,000 டாலரில் என்ன செய்யும்? வக்கீல் இரண்டு மனு எழுதுவார்.

மாடித்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கோப்பைப் பார்த்தேன். முதல் விண்ணப்பம் 2023 அக்டோபர், முழு விண்ணப்பம் 171-ஆம் நாள். ஒன்பது நாள் மிச்சம் வைத்திருக்கிறார்.

புதன்கிழமை பெரியவர் வீட்டு கராஜில் கூட்டம். மடக்கு நாற்காலிகள், காபி, இருபது பேர் இருக்கும். வக்கீல் வீடியோவில் வந்தார். ஏ.பி. 130 விலக்கு இந்த மனைக்குப் பொருந்துமா என்று கேட்டேன். 'அது ஆராயப்பட வேண்டிய சுவாரசியமான கேள்வி' என்றார். விதிப்புத்தகம், உங்களை நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மூன்று பேர் காசோலை எழுதினார்கள், நான் எழுதவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, வாசல் வரை கூட வந்தார். அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

வாடகையில்தான், உங்கள் பதிலை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். 5.10 என்றதும் நிறுத்தச் சொன்னாள். ஆனாலும் அந்த இடப்பக்கத் திருப்பத்தை அவள் விடுவதாக இல்லை.

அடுத்த மாதம் நகர மன்றத்தில் மூன்றாவது விசாரணை. ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். எதைப் பேசினால் காதில் வாங்குவார்கள்?

விதிப்புத்தகம் எழுதியது:

உயரத்தைப் பற்றிப் பேசி மூன்று நிமிடத்தை வீணாக்காதீர்கள். எஸ்.பி. 330-படி மொத்தமே ஐந்து விசாரணைதான், அதில் இரண்டு போய்விட்டது. வரைபடத்தில் கராஜ் வாயில் எந்தத் தெருவைப் பார்த்து இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பள்ளிச் சாலையில் இருந்தால் மறுபக்கம் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் வரைபடத்தை அச்செடுத்துச் சிவப்பு மையால் அம்புக்குறி போட்டுக்கொண்டு போங்கள். வீட்டு எண்ணிக்கை குறையாத மாற்றம் என்றால் பில்டரும் பெரும்பாலும் இறங்கி வருவார். திருமதியே பேசட்டும், திருப்பத்தில் நிற்பவர் அவர்தானே.