வண்டி ஓடாத ராத்திரி: சத்தம் நின்றதும் விழிப்பு வந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

சயான் மருமகள்:
கல்யாணமாகி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து 3 வருஷம் ஆகிறது. எங்கள் அறை சயானில், தண்டவாளத்தை ஒட்டி. ஃபாஸ்ட் லோக்கல் போகும்போதெல்லாம் அலமாரியில் கவிழ்த்து அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுவென்று உரசும். முதல் 2 மாதம் தூக்கமே இல்லை. பழைய சேலையைக் கிழித்து டம்ளர்களுக்கு நடுவில் செருகிக்கூடப் பார்த்தேன். அப்புறம், எந்த நாளில் என்று தெரியவில்லை, அந்தச் சத்தம் காதில் விழுவதே நின்றுபோனது.

போன ஜூலையில் ஒரு ராத்திரி. மறுநாள் காலை ஷிஃப்ட் என்று 9 மணிக்கே படுத்துவிட்டேன். 11 மணிவாக்கில் யாரோ தட்டி எழுப்பின மாதிரி விழிப்பு வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. மழையும் காரணமில்லை, அது காலையிலிருந்தே ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. பார்த்தால் அத்தையும் பாயில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். "ஏட்டி, வண்டி ஒண்ணும் போவல பாத்தியா" என்றார். குர்லா பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி லோக்கல் நின்றிருந்தது. டம்ளர்கள் அசையாமல் இருந்தன.

அதற்குப் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ரஷ்ய ஆய்வாளர் யெவ்கெனி சோக்கொலோவ் 1960-களில் சொன்ன விளக்கம் அன்றைய ராத்திரிக்கு அப்படியே பொருந்தியது. திரும்பத் திரும்ப வரும் சத்தத்துக்கு மூளை ஓர் அச்சு எடுத்து வைத்துக்கொள்கிறதாம். வருவது அச்சோடு ஒத்துப்போனால் நம்மைத் தொந்தரவு செய்யாது. கூடினாலும் குறைந்தாலும், வரவேண்டிய நேரத்தில் வராமல் போனாலும் "என்னது?" என்று திரும்ப வைக்கும். அப்படியென்றால் நான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வண்டிகளை எல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இப்போதும் நினைத்தால் புல்லரிக்கிறது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

தாதர் பூக்காரர்:
தங்கச்சி, எனக்குத் தினமும் நடக்கிறது. விடியற்காலை தாதர் பூ மார்க்கெட்டில் மராத்தியும் இந்தியுமாக ஒரே கூச்சல். செவ்வந்திக்கு விலை பேசிக்கொண்டிருப்பேன், சுற்றி யார் என்ன பேசினாலும் மண்டையில் ஏறாது. ஆனால் எங்கோ மூலையில் "அண்ணே" என்று ஒரு குரல் வந்தால் தலை தானாகத் திரும்பிவிடும். சைக்காலஜி படிக்கிற என் மகள் சொன்னாள்: 1953-இல் காலின் செர்ரி என்பவர் சிலருக்கு ஒவ்வொரு காதிலும் வேறு வேறு பேச்சை ஓடவிட்டு, ஒன்றை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னாராம். மறு காதில் ஓடியது எந்த மொழி என்றுகூட அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஆண் குரல் பெண் குரலாக மாறினால் தெரிந்தது. 1959-இல் நெவில் மோரே அந்த மறு காதில் அவரவர் பெயரையே சொல்ல வைத்தார், மூன்றில் ஒரு பங்கினருக்கு அது கேட்டுவிட்டது. எனக்குப் பெயரே வேண்டாம், "அண்ணே" போதும்.

எக்ஸ்ரே அக்கா, செம்பூர்:
காதுக்கு நடப்பது கண்ணுக்கும் நடக்கும். நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். ஒரு நாள் நெஞ்சுப் படம் எடுத்துவிட்டு, நுரையீரல் முழுசாக வந்திருக்கிறதா, மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தாரா என்று கவனமாகப் பார்த்து அனுப்பினேன். டாக்டர் கூப்பிட்டுக் காட்டினார். தாலிக் கயிற்றில் கோத்த ஊக்கு, நட்ட நடுவில், பளிச்சென்று வெள்ளையாக. அந்த அம்மாவை மறுபடி நிற்கவைத்து எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

2013-இல் வந்த ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேனில் கட்டி தேடச் சொல்லி 24 ரேடியாலஜி நிபுணர்களிடம் கொடுத்தார்கள். அதில் ஒரு கொரில்லா படத்தை ஒட்டியிருந்தார்கள், வழக்கமான கட்டியைப்போல 48 மடங்கு பெரியது. 20 பேர் பார்க்கவில்லை. அவர்களில் பலருடைய பார்வை நேராக அதன்மேல் பட்டும் தெரியவில்லை. இப்போது நான் படத்தைப் பார்க்கும் முன்பே "ஊக்கு, சங்கிலி, தாயத்து" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

சயான் மருமகள்:
அக்கா, ஊக்கு விஷயத்தை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே கழுத்தில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் 10 நாள் இருந்துவிட்டுத் திரும்பிய முதல் ராத்திரி, டம்ளர் சத்தம் புதுசாக வந்தவளுக்குக் கேட்பதுபோல மறுபடி கேட்டது. முதல் தடவை 2 மாதம் ஆனது, இந்தத் தடவை இரண்டே ராத்திரிதான். மூன்றாம் நாள் காதை வைத்துக் கேட்டுவிடுவது என்று விழித்திருந்தேன். ஒரு வண்டி வந்தது, கேட்டது. அடுத்தது வருவதற்குள் தூங்கிவிட்டேன்.