எர்ணாகுளத்தில் ஒரு பகல்: ஃபோர்ட் கொச்சிக்கு எப்படிப் போகலாம்?

கேள்வி:
சனிக்கிழமை காலை எர்ணாகுளம் வருகிறோம், இரவு கோவைக்கு ரயில். அம்மாவுக்கு மூட்டுவலி. துறைமுகப் பக்கம் நிதானமாகச் சுற்ற வழி சொல்லுங்களேன்.

கொச்சிவாசி:
டாக்ஸி வேண்டாங்க. ஹைகோர்ட் படகுத்துறையில் வாட்டர் மெட்ரோ பிடியுங்கள். மிதக்கும் மேடையும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கும், அம்மா தாண்டிக் குதிக்க வேண்டியதில்லை. வழியில் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்தின் ராட்சத கிரேன்கள் தெரியும். எனக்கு அந்தப் படகுப் பயணமே பாதித் திருப்தி.

இறங்கியதும் சீன வலைகள். நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, பின்னால் கட்டித் தொங்கும் பாறாங்கற்கள் ஒவ்வொன்றாகக் கீழிறங்கும், வலை சொட்டச் சொட்ட மேலே வரும். பெரும்பாலும் பொடிமீன்தான், அதற்கும் காக்காய்கள் தயார்! "நீங்களும் இழுங்க" என்று கூப்பிடுவார்கள். இழுத்தால் காசு கேட்பார்கள், சரியா?

பக்கத்திலேயே புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524இல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் இங்கேதான் புதைத்தார்கள். பிறகு லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஈரோட்டுக்காரர்:
சனிக்கிழமை மட்டாஞ்சேரி யூத ஆலயம் மூடியிருக்கும். அரண்மனை திறந்திருக்கும், ராமாயணச் சுவரோவியங்களை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. சாயங்காலம் திரும்பவும் வாட்டர் மெட்ரோதானா?

கொச்சிவாசி:
வார இறுதியில் வரிசை நீளும். ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றால் பொழுது சாய்வதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.